ஏகமனதாக நீக்கப்பட்ட புள்ளடி

சந்தியோகு அண்ணை தலைவராக இருக்கும் சங்கத்தில் செயலாளராக இருப்பதற்குத் தனியாக ஒரு பொறுமை வேண்டும். பெற்றிசியாவிடம் அது நிறைய உண்டு என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். எள்ளளவும் இல்லை என்பது பெற்றிசியாவுக்கு மட்டுந்தான் தெரியும்.

பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள ஒரு சின்னக் கரை அது. நாற்பத்தேழு படகுகள், ஒரு கோயில், ஒரு மீனவர் சங்கம். சங்கத்தின் நிர்வாகசபையில் ஏழு பேர். செயலாளர் பதவிக்கு ஆளெடுத்த அன்று, ஆண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விரல் நோவு வந்துவிட்டது. கடலில் வலை இழுத்த கையால் பேனை பிடிக்க ஏலாதாம். அப்படித்தான் பெற்றிசியா செயலாளர் ஆனாள். அவளுடைய புருசன் றொசாந்தனும் சபையில் ஒரு உறுப்பினர். அவள் முந்தி ஒரு தொண்டு நிறுவனத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள். கண்ணைத் தாளில் வைத்துக்கொண்டு விரல்களைத் தன்பாட்டில் ஓடவிடுவாள். திரையைத் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

சந்தியோகு அண்ணையின் கொள்கை ஒன்றே ஒன்று: தீர்மானம் இல்லாமல் துரும்பும் அசையக்கூடாது. ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், எல்லாம் கூட்டக் குறிப்புக் கொப்பியில் ஏற வேண்டும். ஏழு பேரில் ஐந்து பேராவது வந்திருக்க வேண்டும். அதற்குப் பெயர் கோரம். கோரம் இல்லாவிட்டால் கூட்டமே இல்லை. போன வருசம் சங்கக் கட்டிடத்துக்குள் ஒரு நாய் வந்து படுத்தது. அதைத் துரத்தத் தீர்மானம் போட்டு முடிப்பதற்குள் நாய் ஆறு குட்டி போட்டிருந்தது. பிறகு குட்டிகளுக்கு வேறாகத் தீர்மானம் போடவேண்டி வந்தது. மனுசனையும் சும்மா குறை சொல்லக்கூடாது. அவருக்கு முன்னம் இருந்த தலைவர் ஒருத்தரையும் கேளாமல் ஒரு கையெழுத்து வைத்ததில் சங்கத்தின் ஐஸ் அறையே கைமாறிப் போனது. சூடு கண்ட பூனை அவர்.

இப்போது விசயம் வெளிச்சக் கம்பம். கரையில் நின்ற விளக்குக் கம்பம் எட்டு மாதமாக அணைந்து கிடந்தது. மூன்று கிழமைக்கு முன், விடியப்புறத்துக் கருக்கலில் திரும்பி வந்த றொசாந்தனின் படகு, கரை எது, கடலுக்குள் மறைந்து கிடக்கும் கல்லுப்பார் எது என்று தெரியாமல் பாரில் ஏறிவிட்டது. நெற்றியில் ஒன்பது தையல். "சின்னக் காயம்தானப்பா" என்று அவன் சிரித்தான். அன்றிலிருந்து அவனுடைய என்ஜின் சத்தம் கேட்கும்வரை அவள் ஒழுங்காக மூச்சு விட்டதில்லை.

கடற்றொழில் திணைக்களக் கந்தோரில் இருந்து ஒரு அறிவித்தல் வந்தது. பத்துக் கரைகளுக்குச் சூரிய ஒளியில் எரியும் புது விளக்குக் கொடுக்கப் போகிறார்கள். தமிழில் தட்டச்சுச் செய்து, மின்னஞ்சலில், வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னம் விண்ணப்பிக்க வேண்டும். முந்தி ஒருமுறை பட்டினத்துக் கடையில் கொடுத்து அடித்து அனுப்பிய விண்ணப்பம், பழைய மாதிரி எழுத்துருவில் இருந்தபடியால் வாசிக்க முடியவில்லை என்று திரும்பி வந்திருந்தது. இந்தமுறை தானே அடிப்பது என்று பெற்றிசியா முடிவெடுத்தாள். சங்கத்து மடிக்கணினியைத் திறந்தால், அதில் இருந்த எழுதும் மென்பொருளுக்குத் தவணை முடிந்துவிட்டது. வாசிக்க விட்டது, எழுத விடவில்லை. தேடிப் பார்த்ததில் 'ஹெரன்' என்று ஒன்று அகப்பட்டது. இலவசம். ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கொக்குத்தான் அதன் அடையாளப் படம்.

தனியாக விட்டிருந்தால் இரண்டு நிமிச வேலை. ஆனால் கணினி சங்கத்துச் சொத்து. அது இருக்கும் அலுமாரியின் சாவி தலைவரின் இடுப்பில். ஆகவே ஞாயிறு பூசை முடிந்த கையோடு, ஏழு பேரும் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு கணினியைச் சுற்றி இருந்தார்கள்.

"சும்மா தாறாங்கள் எண்டா முதலாளி ஆர்?" என்று பொருளாளர் செபமாலை தொடங்கினார். வாயில் வெற்றிலை.

"முதலாளி இல்லை அண்ணை. உலகம் முழுக்க இருக்கிற ஆக்கள் நேரம் கிடைக்கேக்க சேந்து செய்யிறது. உள்ளுக்கை எப்பிடிச் செய்திருக்கு எண்டு ஆரும் திறந்து பாக்கலாம், திருத்தலாம்."

"அப்ப சிரமதானம் எண்டு சொல்லன்."

"ஓம் அண்ணை, சிரமதானம்தான்."

அது எல்லோருக்கும் விளங்கியது. அடுத்ததாக, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டு ஒரு நீண்ட ஒப்பந்தம் திரையில் வந்தது. உலகத்தில் ஒருத்தரும் வாசிக்காத அந்தப் பத்திகளை, பெற்றிசியா வரிவரியாகத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்ற இடம் வந்ததும் சந்தியோகு அண்ணை கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உத்தரவாதம் இல்லையெண்டு அவனே எழுதித் தாறானோ?"

"ஓம் அண்ணை."

"எனக்கு என்ஜின் வித்தவன் பத்து வருச உத்தரவாதம் தந்தவன். பத்து நாளில நிண்டுபோச்சு. இவன் உண்மையான மனுசன். முன்மொழியிறன்."

ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. ஆனால் சனியன் அடுத்த பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தது. ஐந்து சின்னக் கட்டங்கள். ஐந்திலும் ஏற்கெனவே அடையாளம் போட்டிருந்தது.

"உதென்ன?" சந்தியோகு அண்ணையின் குரல் மாறிவிட்டது.

"தேவையான சாமானுகள் அண்ணை. அவையளே தெரிவு செய்து வைச்சிருக்கினம். இதை இப்பிடியே விட்டிட்டு..."

"பிள்ளை, நான் நாலு தேர்தலில வாக்குச்சாவடியில இருந்தவன். வாக்குச்சீட்டு எங்கட கைக்கு வர முன்னம் அதில புள்ளடி விழுந்திருந்தா அதுக்கு என்ன பேர்?"

"கள்ள வோட்டு" என்றார் செபமாலை உடனே.

"கேட்டியோ? எங்களைக் கேளாமல் எங்கட புள்ளடியை அவன் போட ஏலாது. ஒவ்வொண்டா வாசி."

அவள் வாசித்தாள். மூன்றாவது கட்டத்தில், சிக்கலான எழுத்துகளுக்கான உதவி என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது. "சிக்கலான எழுத்து எங்களுக்கு என்னத்துக்கு? நாங்கள் எழுதப்போறது சுத்தத் தமிழ்" என்றார் தலைவர். சபை சிரித்துத் தலையாட்டியது. ஐந்து புள்ளடிகளையும் நீக்கச் செபமாலை முன்மொழிந்தார், றொசாந்தன் வழிமொழிந்தான். பெற்றிசியாவும் கை தூக்கினாள். வீட்டில் உலை வைக்கவில்லை, பிள்ளைகள் பசியோடு நிற்கும், கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற இந்த வேலை எப்படியாவது முடிந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது. நடந்தது அத்தனையும், செபமாலை வெற்றிலை துப்ப வெளியே போனது உட்பட, நேரம் போட்டுக் கொப்பியில் எழுதினாள். அப்படி எழுதாவிட்டால் தலைவர் கையொப்பம் வைக்கமாட்டார். கணினியை ஒரு கிழமைக்கு வீட்டில் வைத்திருக்க விசேட அனுமதியும் தந்தார்கள்.

திங்கட்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தவள் ஆறு மணிக்குத்தான் நிமிர்ந்தாள். எட்டு மாத இருட்டு, பாரில் ஏறிய படகுகளின் பெயர், றொசாந்தனின் ஒன்பது தையல், எல்லாம் ஆறு பக்கம். கண் தாளிலேயே இருந்தது. கடைசி முற்றுப்புள்ளியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். ஒரு எழுத்துமில்லை. மேலிருந்து கீழ்வரை வெறும் சதுரப் பெட்டிகள்.

"மாதாவே!"

அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வளவுச் செபமாலை ஓடிவந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆறுதலாகப் பார்த்தார்.

"மீன் பெட்டி அடுக்கின மாதிரி வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஐசைப் போட்டா அப்பிடியே கொழும்புக்கு அனுப்பலாம்."

"அண்ணை, எனக்கு வாற விசருக்குப் பேசாமல் போங்கோ."

வெண்ணெய் திரண்டு வரத் தாழி உடைந்த கதை. அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் முதலில் வந்தபடியால் அழவில்லை.

ஹெரனின் இணையத்தளத்தில் உதவி கேட்க ஒரு இடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை அதற்கும் கூட்டம். சங்கத்துக் கடிதத்தாளில், முத்திரை குத்தி, முறைப்படி எழுத வேண்டும் என்றார் தலைவர்.

"ஆற்ற ஊடாக அனுப்புறது?"

"ஊடாக ஒருத்தரும் இல்லை அண்ணை. நேரை எழுதலாம்."

"ஊடாக இல்லாமல் நேரை போற கடிதத்தை எந்தக் கந்தோர் மதிக்கும்? கிராம அலுவலர் ஊடாக எண்டு போடு. பிரதி, பங்குத்தந்தைக்கு."

போட்டாள். ஆங்கிலத்தில் எழுதி, முத்திரை குத்திய கடிதத்தைப் படமெடுத்து ஏற்றினாள். தமிழ் வரவில்லை, தயவுசெய்து ஆவன செய்யவும், இப்படிக்கு உண்மையுள்ள. இருபதாவது நிமிசம் பதில் வந்தது.

"கந்தோர் இருபது நிமிசத்தில பதில் போட்டதோ?" சந்தியோகு அண்ணை நம்பவில்லை. "வேலைவெட்டி இல்லாத ஆளாக்கும்."

பதில் போட்டவர் பெயர் யோன். இருப்பது ஐஸ்லாந்தில். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். மிச்ச நேரத்தில் ஹெரனுக்குச் சிரமதானம். "யோன் எண்டா பைபிளில வாற அருளப்பர்தானே, நம்மட வேதக்காரப் பிள்ளை" என்று செபமாலை திருப்திப்பட்டார். அந்த வேதக்காரப் பிள்ளையோ தன்னுடைய கணினியில் தமிழ் நன்றாகத் தெரிகிறது என்று படம் போட்டுக் காட்டி, நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார். 'இறக்கினோம், ஏற்றினோம், வரவில்லை' என்று பெற்றிசியா எழுதினாள். புதன்கிழமை மறுபடி பதில்: அப்படியல்ல, முதலில் இருந்து, ஒவ்வொரு அடியாக, ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை காற்று அடங்கியது. நாலு நாளாகக் கரையில் கிடந்த படகுகள் எல்லாம் மறுநாள் விடிய முன்னம் கடலுக்குப் போக ஆயத்தமாகின. றொசாந்தன் தையல் போட்ட நெற்றியில் துவாயைக் கட்டிக்கொண்டு வலையை ஏற்றினான்.

"நாளைக்கு ஒரு நாள் நில்லுங்கோவன்."

"நிண்டா ஆர் மீன் பிடிக்கிறது, கொக்கோ?" என்று சிரித்தான்.

அந்த ஆத்திரத்தோடு உள்ளே வந்தவளின் கண்ணில் கூட்டக் குறிப்புக் கொப்பி பட்டது. முதலில் இருந்து, ஒவ்வொரு அடியாக, ஒன்றையும் விடாமல். வேணுமோ? இந்தா பிடி! ஞாயிற்றுக் கூட்டத்தின் ஒன்பது பக்கத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தாள். யார் என்ன கேட்டார், எத்தனை மணிக்கு எந்தப் பொத்தானை அமத்தினார்கள், யார் முன்மொழிந்தார், யார் இருமினார், எல்லாவற்றையும். மனுசன் வாசித்து நொந்துபோகட்டும் என்றுதான் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு யோனின் பதில் கிடந்தது.

'மதிப்புக்குரிய செயலாளர் அவர்களே, ஒன்பது வருடத்தில் எனக்கு வந்த முறைப்பாடுகளில் இவ்வளவு துல்லியமான ஒன்று வந்ததில்லை. ஆறாம் பக்கம், நாலாவது தீர்மானத்தைப் பாருங்கள். மூன்றாவது கட்டத்தில் உள்ள சிக்கலான எழுத்து என்பது உங்கள் மொழிதான். அதைச் சபை ஏகமனதாக நீக்கியிருக்கிறது. ஹெரனைத் திரும்ப நிறுவுங்கள். புள்ளடிகளைத் தொடாதீர்கள். மற்றது, திரு. செபமாலை பத்து நாற்பதுக்கு வெளியே போனதாக இருக்கிறது. அவர் திரும்பி வந்ததாக எங்கும் எழுதவில்லை. நலமாக இருக்கிறாரா?'

பெற்றிசியா சிரிப்பதா தலையிலடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பிறகுதான் அடுத்த இடி விழுந்தது. ஏகமனதாகப் போட்ட தீர்மானத்தைச் சபை கூடித்தான் மாற்றலாம். சபையில் ஐந்து பேர் கடலில். தலைவரின் போன் எடுபடவில்லை. கரையில் இருந்தது அவளும், என்ஜின் பழுதாகி நின்ற செபமாலையுந்தான்.

"கை வைக்காதை பிள்ளை" என்றார் செபமாலை. "தனிச்சு மாத்தினா சந்தியோகு உன்னைப் பதவியில இருந்து தூக்கிப்போடுவான். அவன்ர குணம் தெரியுந்தானே. ஐஸ் அறைக் கதை மாதிரி ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான்."

"பன்னிரண்டு மணிக்கு முடியுது அண்ணை."

"அது சரி..."

"அவர் கடலில நிக்கிறார் அண்ணை. நெத்திக் காயம் இன்னும் ஆறேல்லை."

செபமாலை வெற்றிலைப் பையை எடுத்தார்.

அவள் ஹெரனைத் திரும்ப நிறுவினாள். ஐந்து கட்டங்களும் ஐந்து புள்ளடியோடு வந்தன. ஒன்றையும் தொடாமல், சிலுவை போட்டுக்கொண்டு, அடுத்த பொத்தானை அமத்தினாள். திங்கட்கிழமை அடித்த கோப்பைத் திறந்தாள். அடித்ததெல்லாம் அழிந்திருக்கும், இனி இரண்டு மணித்தியாலத்தில் ஆறு பக்கமும் புதிதாக அடிக்க வேண்டும் என்றே நினைத்திருந்தாள். பெட்டி ஒன்றுகூட இல்லை. எழுவாய் பயனிலையோடு ஆறு பக்கத் தமிழ், அவள் விரல் விட்ட பிழைகள் பதினாலோடு, அப்படியே இருந்தது. அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே பிழைகளைத் திருத்தி, பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சந்தியோகு அண்ணை கொப்பியை உரத்து வாசித்தார். "வெள்ளிக்கிழமை. சமுகம் தந்தவர்: செயலாளர். முன்மொழிந்தவர்: செயலாளர். வழிமொழிந்தவர்: செயலாளர். எதிர்ப்பு: இல்லை. இதென்ன கூத்து?"

"நடந்ததைத்தான் எழுதினனான் அண்ணை."

"கோரம் இல்லாத கூட்டம் செல்லாது. செயலாளரை விசாரிக்க வேணும். விளக்கு விசயம் முடியட்டும், பிறகு பாப்பம்."

யோனுக்கு நன்றித் தீர்மானம் மட்டும் தடையில்லாமல் நிறைவேறியது. செபமாலை திரும்பி வந்துவிட்டார், நலமாக இருக்கிறார் என்ற திருத்தமும் அதோடு போனது.

மூன்று மாதத்தில் விளக்கு வந்தது. கந்தோர் ஆட்கள் பின்னேரம் கம்பத்தை நட்டு, அடியில் ஒரு சுவிச்சைப் பூட்டி, மழை வரப்போகிறது என்று அவசரமாக வெளிக்கிட்டுவிட்டார்கள். உண்மையிலேயே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பொழுதுபடத் திரும்ப வேண்டிய படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. றொசாந்தனுடையதும் இன்னும் இரண்டும் வரவில்லை. தூரத்தில் ஒரு என்ஜின் சத்தம் கேட்டது. கிட்ட வந்தது, பிறகு பார் இருக்கும் பக்கமாக விலகிப் போனது. பெற்றிசியா கம்பத்தடிக்கு ஓடினாள்.

சந்தியோகு அண்ணை கம்பத்தடியில் கொப்பியைத் திறந்தார். ஆட்களை எண்ணினார்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. ஒராள் குறையுது. கோரம் இல்லை. றொசாந்தன் வரட்டும், வந்த உடனை தீர்மானம் போட்டு லைற்றைப் போடுவம்."

"அவர் வாறதுக்குத்தானே அண்ணை லைற்று!"

கரையே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டாள். சந்தியோகு அண்ணை வாயைத் திறந்தபடி நின்றார். அவர் அதை மூடுவதற்குள் அவள் சுவிச்சைப் போட்டுவிட்டாள். வெளிச்சம் மணலில் விழுந்து, அலைக்கு மேலே நீண்டு போனது. எல்லோரும் காதைக் கொடுத்து நின்றார்கள். என்ஜின் சத்தம் ஒரு கணம் தயங்கியது. பிறகு திரும்பி, நேராகக் கரையைப் பார்த்து வரத் தொடங்கியது. அதன் பின்னால் இன்னும் இரண்டு.

றொசாந்தன் இடுப்பளவு தண்ணீரில் குதித்துப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தான். நெற்றியில் பழைய தழும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பெற்றிசியா அவனுடைய கையைப் பிடித்தாள், விடவில்லை. ஊர் பார்க்கிறது என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

சந்தியோகு அண்ணை கொப்பியும் பேனையுமாகக் கிட்ட வந்தார். மழை துமித்துத் தாளில் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் துடைத்தார்.

"இப்ப அஞ்சு பேர். கோரம் சரி" என்றார். "பெற்றிசியா முன்மொழிஞ்சிட்டா. நீ வழிமொழி, றொசாந்தன்."

உடம்பெல்லாம் தண்ணீர் வடிய நின்றவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னத்தை அண்ணை?"

"நீ வந்து சேந்ததைத்தான்."